பார் கவுண்டருக்குப் பின்னால் நிற்கப் போகிறீர்களா? ஒன்ராறியோவில் மது பரிமாறும் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

போன கிழமை ஒரு பெடியன் போன் எடுத்தான். ஊரிலிருந்து வந்து நாலு மாதம். ஸ்காபரோவில் ஒரு கலியாண ஹோலில் சனி, ஞாயிறு வேலை கிடைத்திருக்கிறது. "அண்ணை, பாரில நிக்கச் சொல்லுறாங்கள். ஊத்திக் குடுக்கிறதுதானே, அதுக்கு என்ன படிப்பு வேணும்?" என்றான். பல வருடம் இந்த வேலையில் நின்றவன் என்ற முறையில் அவனுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஊற்றுவதை ஒரு பின்னேரத்தில் பழகிவிடலாம். அப்பாவின் வயதுள்ள ஒருவர் வெறும் கிளாஸை நீட்டும்போது "போதும் அங்கிள்" என்று சொல்லப் பழகத்தான் எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

இதில் உள்ள சட்ட விஷயங்கள் ஒன்ராறியோவுக்கு மட்டுமானவை. கனடாவில் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு சட்டம், ஒரு பயிற்சி. அல்பேட்டாவில் அதற்குப் பெயர் புரோசேர்வ், பிரிட்டிஷ் கொலம்பியாவில் சேர்விங் இட் ரைட். கல்கரியில் எடுத்த சான்றிதழைக் கொண்டுவந்து ரொறன்ரோவில் காட்டினால் செல்லாது.

முதலில் சான்றிதழ்

ஒன்ராறியோவில் உங்களுக்கு வேண்டியது ஸ்மார்ட் சேர்வ். இதை நடத்துவது 1995இல் தொடங்கிய, இலாப நோக்கமில்லாத ஓர் அமைப்பு. பாரில் நிற்கிறவருக்கு மட்டும்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். தட்டில் கொண்டுபோய் மேசையில் வைக்கும் சேர்வர், மனேச்சர், வாசலில் நிற்கும் செக்கியூரிட்டி, வீடுகளுக்கு மது கொண்டுபோய்க் கொடுக்கிற டிரைவர் எல்லோருமே எடுக்க வேண்டும்.

ஒன்லைனில் படித்து ஒன்லைனிலேயே சோதனை எழுதலாம். நூற்றுக்கு 80 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் 5 வருடத்துக்குச் செல்லும், பிறகு திரும்ப எடுக்க வேண்டும். ஒரு நாளை ஒதுக்கி அமைதியாக இருந்து படித்தால் போதுமானது. கேள்விகள் கடினமில்லை. ஆனால் "இந்தச் சூழ்நிலையில் என்ன செய்வீர்கள்" என்ற மாதிரியானவை, ஆங்கிலத்தை நிதானமாக வாசித்து விளங்க வேண்டும். "நான் உனக்காக எழுதித் தாறன், காசைத் தா" என்று யாராவது வருவார்கள். கொடுக்காதீர்கள். களவாக எடுத்த சான்றிதழ் பிடிபட்டால் வேலையோடு பெயரும் போய்விடும். அதைவிடப் பெரிய விஷயம், படிக்காமல் போய் நின்றால் முதல் சனிக்கிழமையே திண்டாடுவீர்கள்.

சட்டத்தைப் பார்த்துக்கொள்வது ஏ.ஜி.சி.ஓ. எனப்படும் மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையம். இப்போது அமுலில் உள்ள மதுபான உரிமச் சட்டம் 2019இல் எழுதப்பட்டு 2021 நவம்பர் 29இல் நடைமுறைக்கு வந்தது. ஆணையத்தின் பரிசோதகர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார்கள். சான்றிதழ் இலக்கத்தைப் போனில் படமாகவும், ஒரு பிரதியை மனேச்சரிடமும் வைத்திருங்கள்.

வயது விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இங்கே மது பரிமாற 18 வயது போதும், குடிக்க 19 ஆக வேண்டும். ஆகவே 18 வயதுப் பிள்ளை இரவு முழுக்க விஸ்கி ஊற்றலாம், ஒரு சொட்டு நாக்கில் வைக்க முடியாது. 19 தாண்டியவர்களும் வேலை நேரத்தில் குடிக்கக்கூடாது. விருந்தினர் அன்பாக "தம்பி நீயும் ஒண்டு எடு" என்பார். "வேலை முடியட்டும் அங்கிள்" என்று சிரித்துவிட்டு நகருங்கள்.

அளவைக் கையில் பிடியுங்கள்

இந்தப் பயிற்சியில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதில் ஒளிவு மறைவு இல்லை, வெறும் கணக்கு. கனடாவில் "ஒரு டிரிங்க்" என்றால் 13.6 கிராம் சுத்த அற்ககோல். 5 வீத பியர் 341 மில்லிலீட்டர், 12 வீத வைன் 142 மில்லிலீட்டர், 40 வீத விஸ்கி, றம், வொட்கா என்றால் 43 மில்லிலீட்டர். மூன்றிலும் இருப்பது ஒரே அளவு அற்ககோல்தான். "நான் பியர்தான் குடிச்சனான், பிரச்சினையில்லை" என்பவருக்கு இதைச் சொல்லி விளங்கப்படுத்த முடியாது. உங்கள் மனதில் இருந்தால் போதும்.

பிரச்சினை என்னவென்றால் நம் ஆட்கள் யாரும் 43 மில்லிலீட்டரில் குடிப்பதில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர் "லார்ஜ்" என்று கேட்டால் அது 60 மில்லிலீட்டர், ஏறக்குறைய 1.4 டிரிங்க். பெரிய பைன்ட் கிளாஸில் 568 மில்லிலீட்டர் பியர் ஊற்றினால் 1.7. 473 மில்லிலீட்டர் உயரக் கானில் 8 வீத ஸ்ட்ரோங் பியர் என்றால் இரண்டைத் தாண்டிவிடும். கலியாண ஹோல்களில் ராஜாவாக இருக்கும் பிளாக் லேபல் 750 மில்லிலீட்டர் போத்தல் ஒன்றில் 17க்கு மேல் டிரிங்க் இருக்கிறது. பத்துப் பேர் இருக்கிற மேசையில் மூன்று பேர்தான் குடிக்கிறவர்கள் என்றால், அந்தப் போத்தல் முடியும்போது ஆளுக்கு ஆறு அளவில் போயிருக்கும். மேசையில் போத்தலை வைத்துவிட்டு வருவதை நான் விரும்பாததற்கு இதுதான் காரணம். பிறகு கணக்கு உங்கள் கையில் இல்லை.

ஆகவே ஜிகரால், அதாவது மது அளக்கிற சின்னக் கிண்ணத்தால், அளந்து ஊற்றுங்கள். போத்தலைச் சரித்து மனக்கணக்கில் ஊற்றுவது பார்க்க ஸ்டைலாக இருக்கும். இரவு பதினொரு மணிக்குக் கை களைத்திருக்கும்போது அந்த மனக்கணக்கு ஒன்றரை மடங்காகிவிடும். "கொஞ்சம் தாராளமா விடு தம்பி" என்று சொல்லிக்கொண்டே ஐந்து டொலர் நோட்டை மேசையில் வைப்பவர் ஒவ்வொரு ஹோலிலும் இருப்பார். ரிப்ஸை வாங்கலாம், அளவை மாற்றக்கூடாது. முந்தி மது பரிமாறுகிறவர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது; ரிப்ஸை நம்பித்தான் சீவியம். 2022 ஜனவரி 1 முதல் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டார்கள். ஒரு நோட்டுக்காகக் கை இளக வேண்டிய தேவை இப்போது குறைவு.

குடித்தது இறங்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதையும் தெரிந்து வையுங்கள். மணித்தியாலத்துக்கு ஒரு டிரிங்க் என்று பொதுவாகச் சொல்வார்கள். பலருக்கு அதைவிட மெதுவாகவே இறங்கும். கோப்பி, குளிர்தண்ணீர், தேசிக்காய், வெளிக்காற்று, வாந்தி எதுவும் அதை வேகப்படுத்தாது. கோப்பி குடித்த வெறிகாரர் நித்திரை முறிந்த வெறிகாரர், அவ்வளவுதான். முதலிலேயே வயிற்றில் சாப்பாடு இருந்தால் மட்டும் ஏறுவது மெதுவாகும்.

நம் கலியாணங்களில் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறோம். பார் ஆறரைக்குத் திறக்கும். மாப்பிள்ளை பொம்பிளை வர எட்டரை. பேச்சு, டான்ஸ், கேக். சாப்பாடு பத்து மணிக்கு. மூன்றரை மணித்தியாலம் வெறும் வயிறு. நீங்கள் பாரில் நின்றால் சமையலறையோடு நட்பு வையுங்கள். ரோல்ஸ், கட்லட், டெவில் சிக்கன் மாதிரியான பைற்ஸை ஏழு மணிக்கே பாருக்குப் பக்கத்தில் சுற்றிவரச் சொல்லுங்கள். நான் பார்த்த அளவில், இரவின் சண்டைகளில் பாதியை மீன் கட்லட் தடுத்திருக்கிறது.

விலையைப் பற்றி ஒரு வரி: வரி உட்பட 2 டொலருக்குக் குறைவாக ஒரு டிரிங்க் விற்கக்கூடாது. விஸ்கி போன்றவற்றுக்கு அந்த 2 டொலர், மேலே சொன்ன 43 அல்ல, 29 மில்லிலீட்டர் என்ற அளவுக்கானது.

வயது கேட்பது

25க்குக் குறைவாகத் தெரிகிற எல்லோரிடமும் அடையாள அட்டை கேளுங்கள். அரசாங்கம் கொடுத்தது, காலாவதியாகாதது, படமும் பிறந்த திகதியும் உள்ளது என்ற மூன்றும் வேண்டும். ஒன்ராறியோ டிரைவிங் லைசன்ஸ், ஒன்ராறியோ போட்டோ கார்ட், கனேடியப் பாஸ்போர்ட், நிரந்தர வதிவிட அட்டையான பி.ஆர். கார்ட் என்பவை அடிக்கடி வரும். ஹெல்த் கார்டைக் கேட்கக்கூடாது, அவர்களாகக் காட்டினாலும் எடுக்கக்கூடாது. அது வைத்தியத்துக்கு மட்டுமான அட்டை. போனில் உள்ள போட்டோவையும் ஏற்காதீர்கள். அட்டையைப் பர்ஸிலிருந்து வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். விளிம்பைத் தடவிப் பாருங்கள். சந்தேகமிருந்தால் "எந்த வருசம் பத்தாம் வகுப்பு?" என்று சாதாரணமாகக் கதைப்பதுபோல் கேளுங்கள். அண்ணனின் லைசன்ஸைக் கொண்டுவந்த தம்பி அந்த இடத்தில் கணக்குப் பார்க்கத் தொடங்குவான்.

மொன்றியலிலிருந்து கலியாணத்துக்கு வந்த மச்சாள் பிள்ளைகளால் ஒரு சிக்கல் வரும். கியூபெக்கில் 18 வயதில் குடிக்கலாம். "அங்க எனக்குத் தருவாங்கள்" என்பது உண்மைதான். இங்கே 19.

இன்னொன்று, தகப்பன்மார். "என்ர பிள்ளைதான், நான்தானே வாங்கிக் குடுக்கிறன், உனக்கென்ன?" தன் வீட்டுக்குள் பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. லைசன்ஸ் உள்ள ஹோலுக்குள் அந்த விதிவிலக்கு இல்லை. 17 வயதுப் பையன் கோட் சூட் போட்டால் 25 மாதிரித் தெரிவான். அவன் வந்து கேட்கவும் மாட்டான், பெரியப்பா இரண்டு கிளாஸ் எடுத்துக்கொண்டு போவார். இரண்டாவது கிளாஸ் எந்த மேசையில் இறங்குகிறது என்று பார்ப்பதும் உங்கள் வேலை. பார்த்துவிட்டால் போய்க் கிளாஸை எடுங்கள். கத்தத் தேவையில்லை, "தம்பிக்கு கோக் கொண்டு வாறன்" என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

பச்சை, மஞ்சள், சிவப்பு

வெறியில் இருக்கிறவருக்கோ, வெறியில் இருப்பதுபோல் தோன்றுகிறவருக்கோ விற்கக்கூடாது. "தோன்றுகிறவர்" என்ற சொல்லைக் கவனியுங்கள். இரத்தத்தை அளக்கச் சொல்லி யாரும் உங்களிடம் கேட்கவில்லை. கண்ணால் பார்க்கச் சொல்கிறார்கள்.

தெருச் சிக்னல் மாதிரி நினைத்துக்கொள்வது எளிது. பச்சை: கதைக்கிறார், சிரிக்கிறார், வந்ததுபோலவே இருக்கிறார். மஞ்சள்: குரல் ஏறுகிறது, ஒரே கதையை இரண்டாம் தரம் சொல்கிறார், வேகமாகக் குடிக்கிறார், அந்நியரைத் தோளில் கை போட்டு "மச்சான்" என்கிறார், காசு எண்ணத் தடுமாறுகிறார். சிவப்பு: நாக்குக் குழறுகிறது, கதிரையைப் பிடித்து எழும்புகிறார், கண் ஓரிடத்தில் நிற்கவில்லை, சண்டைக்கு வருகிறார் அல்லது மேசையில் தலை வைக்கிறார். சிவப்பில் நிறுத்துவது சட்டம். மஞ்சளில் மெதுவாக்குவதுதான் கெட்டித்தனம். சிவப்பு வரும்வரை காத்திருந்துவிட்டு மறுத்தால் நீங்கள் கதைப்பது அந்த மனிதரோடு அல்ல, அவருக்குள் இருக்கும் ஏழு டிரிங்கோடு.

ஒருவர் வந்த மாதிரி உங்களுக்குத் தெரிந்தால்தான் மாறியது தெரியும். ஆகவே முதல் கிளாஸைக் கொடுக்கும்போதே முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை கதையுங்கள். வீட்டிலேயே இரண்டு எடுத்துவிட்டு வருகிறவர்கள் அப்போதே பிடிபடுவார்கள். ஒரு எச்சரிக்கை: தடுமாறுகிற எல்லோரும் குடித்தவர்கள் இல்லை. நம் சமூகத்தில் சீனி வருத்தம் உள்ளவர்கள் ஏராளம். சீனி திடீரென்று குறைந்தால் வேர்க்கும், கை நடுங்கும், நாக்குக் குழறும், பார்க்க அசல் வெறி மாதிரியே இருக்கும். பாரிசவாதம் வந்தவருக்கும் வாய் கோணிப் பேச்சுக் குழறும். கணக்கில் ஒரே ஒரு கிளாஸ்தான் என்றால், அதற்குப் பொருந்தாத தள்ளாட்டம் என்றால், வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள், தேவைப்பட்டால் 911 எடுங்கள்.

மறுப்பது எப்படி

இனி இந்த வேலையின் நடுப்பகுதி. ஆங்கிலப் பயிற்சியில் "மரியாதையாக, உறுதியாக மறுக்கவும்" என்று எழுதியிருக்கும். எழுதியவருக்கு நம் மாமாமாரைத் தெரியாது. உங்கள் முன்னால் நிற்பவர் அப்பாவோடு ஒன்றாகப் படித்தவராக இருக்கலாம், உங்களுக்கு இந்த வேலையையே எடுத்துத் தந்தவராக இருக்கலாம். "நீ ஆற்ற பெடியன்? கொப்பரை எனக்குத் தெரியும்" என்று தொடங்குவார்.

என் முதல் வருடத்தில் அப்படி ஒருவருக்கு "சரி அங்கிள், இதுதான் கடைசி" என்று ஊற்றிக் கொடுத்தேன். கடைசி என்று சொன்னபிறகு இரண்டு கொடுத்தேன். அரை மணித்தியாலம் கழித்துக் குப்பைப் பையோடு பின்கதவால் வெளியே போனபோது அவர் கார்க் கதவைத் திறக்கத் திறப்புத் துவாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பின் சீற்றில் பேரப்பிள்ளை நித்திரை. அவருடைய மகளைத் தேடி ஓடிய அந்த ஐந்து நிமிடத்தை நான் மறக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. நடக்காமல் விட்டது என் கெட்டித்தனமல்ல.

அதற்குப் பிறகு பழகிக்கொண்டவை இவை.

மஞ்சளில் ஆள் இருக்கும்போது வேகத்தைக் குறையுங்கள். அவர் பக்கம் போகும் முறைகளைக் குறையுங்கள், கேட்காமலே தண்ணீர் வையுங்கள், பைற்ஸ் தட்டை அந்தப் பக்கம் அனுப்புங்கள். பெரும்பாலான இரவுகளில் இதோடு விஷயம் முடியும், மறுக்கவே தேவை வராது.

மறுக்க வேண்டி வந்தால் கூட்டாளிகளுக்கு முன்னால் வேண்டாம். நாலு பேர் பார்க்க மறுத்தால் அவர் தோற்க முடியாது. "அங்கிள், ஒருக்கா இஞ்சால வாங்கோ" என்று பக்கத்துக்குக் கூட்டிப் போங்கள். குரலைத் தாழ்த்துங்கள். "உங்களுக்கு வெறி" என்ற சொல் வாயில் வரவே கூடாது, உலகத்தில் எந்த வெறிகாரரும் அதை ஏற்றுக்கொண்டதில்லை. அவரைப் பற்றிக் கதைக்காமல் உங்களைப் பற்றிக் கதையுங்கள்: "அங்கிள், இதுக்கு மேல தந்தா என்ர வேலை போயிடும். ஹோல்காரற்ற லைசன்ஸும் போயிடும். குறை நினைக்காதேங்கோ." பொய்யில்லை. அவருக்கும் முகம் தப்பும்: அவர் கூடக் குடித்ததால் அல்ல, ஒரு பெடியனுடைய வேலைக்கு இரங்கித்தான் நிறுத்துகிறார்.

சொன்ன பிறகு பேரம் பேசாதீர்கள். "சரி, பாதி" இல்லை. "தண்ணி கூட விட்டு" இல்லை. ஒருமுறை இளகினால் அடுத்த தரம் உங்கள் இல்லைக்கு மதிப்பில்லை. அதற்குப் பதிலாகக் கையில் வேறேதாவது கொடுங்கள்: சோடா, இஞ்சித் தேத்தண்ணீர், ஐஸ் போட்ட கோக். வெறுங்கையோடு திரும்பிப் போவதுதான் பலருக்குக் கஷ்டம்.

உடனே மற்ற பார்க்காரருக்கும் சேர்வர்மாருக்கும் சொல்லுங்கள். அவர் அடுத்த கவுண்டருக்குப் போவார், அது நிச்சயம். போகாவிட்டால் கூட்டாளியை அனுப்புவார். அந்தக் கூட்டாளி வந்து இரண்டு கேட்டால், "அண்ணை, ஒண்டு உங்களுக்குத் தாறன். அவருக்கு எண்டால் என்னால ஏலாது" என்று நேராகச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் ஒருவரைப் பிடியுங்கள். மனைவியைக் கூப்பிடுவது சில நேரம் நெருப்பில் எண்ணெய். மருமகன், தம்பி முறையானவர், குடிக்காத ஒரு நண்பர் நல்லது. பெரிய விருந்துகளில் தொடக்கத்திலேயே வீட்டுக்காரரிடம் "பிரச்சினை வந்தா ஆரிட்டச் சொல்லுறது?" என்று கேட்டு ஒரு பெயரை வாங்கி வைப்பேன். அந்தக் கேள்விக்கு எல்லாக் குடும்பத்துக்கும் உடனே பதில் தெரியும். யாருக்காக என்றும் தெரியும்.

கை வைக்காதீர்கள். பிடிப்பது, தள்ளுவது, கிளாஸைப் பறிப்பது எதுவும் வேண்டாம். கவுண்டருக்கு இந்தப் பக்கமே நில்லுங்கள். குரல் உயர்ந்தால் மனேச்சர், அதற்கு மேல் செக்கியூரிட்டி, அதற்கும் மேல் பொலிஸ்.

வாசலுக்கு வெளியே

மறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது பெரிய பிழை. நயாகராப் பக்கத்தில் ஜோர்டன் ஹவுஸ் என்ற ஹோட்டல். 1968 ஜனவரி இரவு ஒன்றில், வழக்கமாக வந்து குடிக்கும் ஒருவருக்கு வெறி ஏறும்வரை பரிமாறிவிட்டு, கரைச்சல் கொடுக்கிறார் என்று வெளியே அனுப்பினார்கள். இருட்டில் பெருந்தெரு ஓரமாக நடந்து போனவரைக் கார் அடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1973இல் தீர்ப்பு வந்தது: குடித்தவர், கார் ஓட்டியவர், ஹோட்டல் மூவரும் மூன்றில் ஒரு பங்கு பொறுப்பு. குடிக்கக் கொடுத்தவர், குடித்தவர் பத்திரமாகப் போவதையும் பார்க்க வேண்டும் என்பது அன்றிலிருந்து கனடாவில் உறுதியானது. 1995இல் எட்மன்ரன் மேஃபீல்ட் இன் வழக்கில் அது தெருவில் போகிற மூன்றாம் ஆளுக்கும் நீண்டது. ஆனால் அந்த வழக்கில் விடுதி தப்பியது. குடித்தவரோடு குடிக்காத இரண்டு பேர் ஒரே மேசையில் இருந்தார்கள், அவர்களில் ஒருவர் ஓட்டுவார் என்று நம்ப நியாயம் இருந்தது என்றது நீதிமன்றம்.

இதிலிருந்து உங்களுக்கு எடுக்க வேண்டியது: ஆள் யாரோடு போகிறார், யார் ஓட்டுகிறார் என்று தெரிந்துகொண்டு விடுங்கள். தனியாக வந்தவர் என்றால் டாக்சி அல்லது ஊபர் பிடித்து, ஏறுகிறவரை பக்கத்தில் நில்லுங்கள். திறப்பை அன்பாகக் கேட்டு வாங்கலாம், பறிக்க முடியாது. தரமாட்டேன் என்று ஓட்டவே வெளிக்கிட்டால் கார் நிறம், இலக்கம், போகும் திசை மூன்றையும் சொல்லி 911க்கு அடியுங்கள். "காட்டிக் குடுத்திட்டான்" என்று பேச்சு வரும். வரட்டும்.

100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றால் குற்றவியல் வழக்கு. ஒன்ராறியோவில் 50 தொட்டாலே டிரைவிங் லைசன்ஸை அந்த இடத்தில் நிறுத்திவைப்பார்கள். ஜி1, ஜி2 என்ற புது ஓட்டுநர் லைசன்ஸ்காரருக்கும், 21 வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் ஒரு சொட்டும் கூடாது. புதிதாக வந்தவர்களில் பாதிப்பேர் ஜி2தான், வயது நாற்பதானாலும். "நான் ஒண்டுதான் எடுத்தனான்" என்பது அவர்களுக்குச் செல்லாது.

மயங்கி விழுந்தவரை "படுக்க விடுங்கோ, தெளிஞ்சிடும்" என்று விட்டுவிட்டு வராதீர்கள். பக்கவாட்டில் சரித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள். எழுப்பி எழும்பவில்லை, மூச்சு மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, தோல் குளிர்ந்து நீலம் பாரிக்கிறது என்றால் ஒரு நிமிடமும் யோசிக்காமல் 911.

கார் டிக்கிப் பார் பற்றியும் சொல்லியாக வேண்டும். உள்ளே பாரில் காசு கூட என்று வெளியே பார்க்கிங் லொட்டில் டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் கப், சோடா, ஒரு போத்தல். ரொறன்ரோத் தமிழருக்கு விளக்கம் தேவையில்லை. அது சட்டத்துக்குப் புறம்பு என்பது ஒருபக்கம்; உங்களுக்கு உண்மையான தலையிடி, அங்கே குடித்தது உங்கள் கணக்கில் இல்லாததுதான். உங்களிடம் இரண்டு வாங்கியவர் நாலாவது முறை வெளியே போய் வருகிறார் என்றால் இரண்டை ஆறாக நினைத்து நடவுங்கள். அதே போத்தலை உள்ளே கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்தால் அது ஹோலின் லைசன்ஸையே பாதிக்கும். உடனே மனேச்சரிடம் சொல்லுங்கள், நீங்களே போய் வாதாடாதீர்கள்.

கோயில் மண்டபம், சமூக நிலையம் போன்ற லைசன்ஸ் இல்லாத இடத்தில் குடும்பமே விசேட அனுமதி எடுத்து, மாகாண அரசின் மதுக்கடையான எல்.சி.பி.ஓ.வில் வாங்கிக் கொடுப்பதும் உண்டு. அங்கே பொறுப்பு அனுமதி எடுத்தவருடையது. அவர்கள் "வந்து ஊத்தித் தா" என்று கூப்பிட்டால், முதலில் அந்தப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள்.

கடைசி அரை மணித்தியாலம்

விற்கலாமென்று இருக்கும் நேரம் காலை 9 முதல் இரவு 2 மணி வரை. புதுவருடத்துக்கு முதல் நாள் இரவு மட்டும் 3 மணி. மூடிய பிறகு 45 நிமிடத்துக்குள், அதாவது 2:45க்குள், மேசையிலுள்ள எல்லாக் கிளாஸும் போத்தலும் எடுபட்டிருக்க வேண்டும். வெறும் கிளாஸும் சேர்த்துத்தான். 1:59க்கு நாலு கிளாஸ் ஓடர் கொடுக்க வருவார்கள். "கடைசி ஓடர்" என்று ஒன்றரைக்கே அறிவிக்க டீஜேயிடம் சொல்லி வையுங்கள், பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னால்தான் காதில் விழும்.

வீட்டுக்குப் போகுமுன் ஒரு வேலை பாக்கி. யாரையாவது மறுத்திருந்தால், வெளியே அனுப்பியிருந்தால், யாராவது விழுந்திருந்தால் அதை ஒரு கொப்பியில் எழுதுங்கள்: நேரம், ஆள் எப்படி இருந்தார், எத்தனை கொடுத்தீர்கள், என்ன சொன்னீர்கள், யார் கூட்டிப் போனார், எந்த வாகனம், பக்கத்தில் நின்ற சாட்சி யார். அன்றிரவே எழுதுங்கள். இப்படியான வழக்குகள் வர இரண்டு வருடமும் ஆகலாம், அதற்குள் நீங்கள் நூறு கலியாணம் பார்த்திருப்பீர்கள். போன் எடுத்த பெடியனிடம் நான் முதலில் வாங்கச் சொன்னதும் ஒரு ஜிகரும் எண்பது பக்கக் கொப்பியும்தான். வாங்கிவிட்டானாம், இந்தச் சனிக்கிழமை முதல் கலியாணம்.